ரகசிய எண்ணைக் கேட்கும் தேர்தல் தகவல்: புதுச்சேரியின் பிரெஞ்சு வாக்காளர்களுக்கு

கேள்வி: என் தாத்தா சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக) இருந்தவர், அவர் வழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அதிபர் தேர்தலில் வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுப்பதற்காக, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை அனுப்பி உறுதி செய்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. நம்பலாமா? (வாசகி, குருசுக்குப்பம்)

பதில்: நம்ப வேண்டாம். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு இணையவழி வாக்கு நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலிலும் தூதரக ஆலோசகர் (வெளிநாட்டில் வாழ்வோரின் உள்ளூர்ப் பிரதிநிதி) தேர்தலிலும்தான் உண்டு. அதிபர் தேர்தலுக்கு நீங்களே வாக்குச்சாவடிக்கு வர வேண்டும். இயலாவிட்டால், முறைப்படி எழுதிக்கொடுத்து நியமித்த பதிலாள் வந்து உங்கள் வாக்கைச் செலுத்தலாம்.

இணையத்தில் வாக்களிக்கும் தேர்தலிலும் அந்த எண்ணை எவருக்கும் தரக்கூடாது. பயனர் எண் மின்னஞ்சலிலும் கடவுச்சொல் எஸ்எம்எஸ்ஸிலும் பிரிந்து வருவது, ஒன்று பிறர் கையில் சிக்கினாலும் மற்றொன்று இல்லாமல் அவர் உள்ளே நுழைய முடியாதபடி செய்வதற்காகத்தான். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாரீசில் இருக்கும் மாமா பார்த்துக்கொள்வார் என்று அனுப்பிவிடுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த ஒரு படத்தோடு பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது.

தலையீடு பற்றிய அச்சம் வெறும் கற்பனையன்று. 2017 மார்ச்சில், கணினித் தாக்குதல் அபாயத்தைக் காரணம் காட்டி, அவ்வாண்டு ஜூனில் நடந்த கீழவைத் தேர்தலுக்கு இணைய வாக்கையே பிரெஞ்சு அரசு கைவிட்டது. அதே ஆண்டு மே 5ஆம் தேதி, பிரச்சாரம் ஓய வேண்டிய நள்ளிரவு நெருங்கிய வேளையில், அதிபர் வேட்பாளராக இருந்த மக்ரோனின் தரப்பிடமிருந்து திருடப்பட்ட மின்னஞ்சல்கள் இணையத்தில் கொட்டப்பட்டன; அவற்றில் போலிகளும் கலந்திருப்பதாக அத்தரப்பு கூறியது. மறுப்புச் சொல்ல நேரமில்லாத பொழுதாகப் பார்த்துத்தான் இத்தகைய வேலை நடக்கும். தேர்தலுக்கு முந்தைய 3 மாதங்களில் பொய்ச்செய்தி பற்றிய வழக்கை நீதிபதி 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பிறகு வந்ததே.

ஆனால் எதிரி இல்லாமலும் தேர்தல் கெடும். 2022 கீழவைத் தேர்தலில், வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்கான லத்தீன் அமெரிக்கத் தொகுதியில், குறிப்பாக அர்ஜென்டினாவில், பலருக்குக் கடவுச்சொல் எஸ்எம்எஸ் போய்ச் சேரவில்லை; அந்தத் தொகுதியின் தேர்தலை அரசியலமைப்பு மன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது. ஆகவே, சிம் மாற்றியிருந்தால், தூதரகப் பதிவேட்டில் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வந்த தகவலை, ‘இது உண்மையா?’ என்று கேட்பதற்காகக்கூட எந்தக் குழுவிலும் பகிராமல், நேரே துணைத் தூதரகத்தில் காட்டுங்கள்.