சன்னம் பட்ட சுவர்

அன்புள்ள ஐயா,

தென்னாபிரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் சென்ற மாதம் போயிருந்தேன். சொவெற்றோவில் நெல்சன் மண்டேலா வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கி, சுவரில் சன்னம் பட்ட ஓட்டைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு முன்சுவரிலும் அதே ஓட்டைகள். அடுத்த மாதம் மேசன் வருகிறார். அம்மா பூசச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, விசுவமடு

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்வதைக் கேளுங்கள், பூசுங்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

நீங்கள் பார்த்த விலகாசி வீதி 8115ஆம் இலக்க வீடு, ஒர்லாண்டோ மேற்கில் வரிசையாகக் கட்டிய தீப்பெட்டி வீடுகளில் ஒன்று. 1946இல் மண்டேலா அங்கே குடிவந்தார். அவர் சிறைக்குப் போன பிறகு மனைவி வின்னி பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தார். துப்பாக்கிச் சூடும் பெற்றோல் குண்டும் சுவரில் தழும்பாகி நின்றன. 1988இல் வீடே எரிந்தது. எரித்தவர்கள் வெள்ளையர் அல்ல, அயலில் படித்த மாணவர்கள். வின்னியைச் சூழ்ந்திருந்த இளைஞர் கூட்டத்தோடு மூண்ட பகை. அந்த வீட்டின் கதையைச் சொல்பவர் இதையும் விழுங்காமல் சொல்ல வேண்டும்.

27 ஆண்டுச் சிறைக்குப் பின் 1990 பெப்ரவரியில் வெளியே வந்தவர், இந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகே தன் விடுதலையை மனம் நம்பியது என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். நினைவில் இருந்ததைவிட வீடு சின்னதாக இருந்ததாம். அந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மீள்குடியேற்றத்தில் புதுக்குடியிருப்புக்குத் திரும்பிய அன்று எங்கள் வளவில் எஞ்சியிருந்தவை கிணற்றுக்கட்டும் கருங்கல் வாசற்படியும்தான். படியில் ஏறி நின்று பார்த்தேன். விறாந்தை, குசினி, அப்பாவின் சாய்மனைக் கதிரை கிடந்த மூலை எல்லாம் இந்தத் துண்டு நிலத்துக்குள்ளா இருந்தன? படியின் இடது ஓரத்தில் அம்மா கத்தி தீட்டித் தீட்டித் தேய்ந்த பள்ளம் மட்டும் அதே அளவில் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது.

மண்டேலா அந்த வீட்டில் தங்கியது பதினொரு நாட்கள்தான். ஊரும் உலகமும் வாசலில் வந்து நின்றால் எவரால் குடியிருக்க முடியும்? குடியிருக்க இனி ஒருவரும் இல்லை என்ற பிறகுதான் அது அருங்காட்சியகம் ஆனது. உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். விடியற்காலையில் விறாந்தை கூட்டும்போதெல்லாம் அந்த ஓட்டைகளுக்கு முன்னால்தான் குனிந்து நிமிர்கிறார்.

சாட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் போர் முடிந்த பிறகு காட்சிப்பொருளாக்கிப் பலகை நட்டார்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து படம் எடுத்தார்கள். அந்தத் தாங்கியின் தண்ணீரைக் குடித்தவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்டதாக நான் காணவில்லை. இன்றும் என் வயிற்றை எரிய வைப்பது அதுதான்.

ஆகவே மேசன் வருமுன் அம்மாவிடம் கேளுங்கள். சுவருக்கு முன்னால் நிறுத்தி அல்ல. குசினியில் அவர் வழமையாக இருக்கும் இடத்தில், தேங்காய் துருவும் நேரத்தில். எந்தப் பக்கத்திலிருந்து சன்னம் வந்தது, யார் எங்கே படுத்திருந்தீர்கள், எதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டீர்கள். சொன்னால் அவருடைய சொற்களிலேயே எழுதி, திகதியிட்டு வையுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சுவரை, அருகில் அடிமட்டம் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். அம்மா சம்மதித்தால், கதவைத் திறந்தால் மறைந்துவிடும் இடத்தில் ஒரேயொரு ஓட்டையைப் பூசாமல் விடச் சொல்லுங்கள்.

எங்கள் வாசற்படி இப்போது புது வீட்டின் பின்வாசலில் கிடக்கிறது. கத்தியை இன்றும் அதில்தான் தீட்டுகிறோம்.