காட்டு ரோட்டில் துவக்கு கைகொடுக்குமா? – கேள்வி பதில்

மட்டக்களப்பு–பொலன்னறுவை ரோட்டில், புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையிலுள்ள காட்டில் ஒரு வான் வண்டியை யானை மறித்ததைப் போன கிழமை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி துவக்கைப் பற்றியவைதான். முதலில் என்னைப் பற்றி ஒரு வரி: முன்பு மட்டக்களப்பு–கொழும்பு லொறி ஓடினேன், இப்போது படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) வேளாண்மை, காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒரு 12 போர் துவக்கு வைத்திருக்கிறேன்.

கனடாவிலிருந்து வருகிறோம் அண்ணன். மொனராகலை, லகுகலை வழியாகப் பொத்துவில், பாணமை வரை குடும்பத்தோடு போகப்போகிறோம். பாதுகாப்புக்கு ரைபிள் ஒன்று வாடகைக்கு எடுக்க முடியுமா?

முடியாது தம்பி, கேட்டுத் திரியவும் வேண்டாம். இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம்தான் இன்னும் நடக்கிறது. எங்களைப் போன்ற கமக்காரருக்குக் கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று அலைந்தபின் பயிர்க்காவலுக்கு ஒரு துவக்கு கிடைக்கும், அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சுதான் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்தவற்றையே 2024 நவம்பரில் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி மீளாய்வு செய்தார்கள். சுற்றுலா வருகிறவர் கையில் ரைபிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. லகுகலையில் ரோட்டோரம் பேருப் புல்லுக்கு யானை வரும், அதனால் பொழுது சாயுமுன் பொத்துவில் போய்ச் சேருங்கள். அவ்வளவுதான்.

வாழைச்சேனையிலிருந்து மீன் லொறி ஓடுகிறேன். இரவு ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் அந்தக் காட்டைத் தாண்டுவேன். எஸ்.ஜி. தோட்டா ஒன்று அடித்தால் யானை ஓடாதா?

ஓடும். ஆனால் எந்தப் பக்கம் ஓடும் என்று யார் சொல்வது? கணக்கைப் பாருங்கள் தம்பி. எஸ்.ஜி. என்பது ஓர் அவுன்சுக்கு 8 சன்னம் (ஈய உருண்டை) உள்ள தோட்டா, அதாவது ஒவ்வொன்றும் மூன்றரை கிராம். 5ஆம் நம்பர் தோட்டாவிலோ ஓர் அவுன்சுக்கு 220 சன்னம், அது பறவைக்கு உள்ளது. ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் பல நாடுகள் ஆகக் குறைந்தது என்று வைத்திருப்பது 375 ரைபிள் (0.375 அங்குலக் குண்டு). 1912இல் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் கொண்டுவந்த அந்தத் தோட்டாவில், எலும்பில் பட்டாலும் விரியாத ஒற்றைக் குண்டு, கிட்டத்தட்ட 19 கிராம் இருக்கும். அதையும் எங்கே அடிப்பதென்று தெரிந்தவன்தான் அடிக்க வேண்டும். யானையின் மண்டை முன்பக்கம் தேன்கூடு மாதிரி காற்றறைகள், மூளை பின்னுக்குத் தள்ளி உள்ளே கிடக்கிறது. நெற்றியைப் பார்த்துச் சுடுகிறவனுக்கு அது இலேசில் அகப்படாது.

சன்னம் பட்ட யானை உடனே சாகாது, சீழ் பிடிக்கும். எங்கள் வட்டைக்குப் பக்கத்துக் குளத்தில் ஒரு கொம்பனைப் பார்த்திருக்கிறேன். முன்னங்காலில் ஏழெட்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் மஞ்சளாக வழிகிறது, ஈ மொய்க்கிறது. அது தும்பிக்கையால் சேற்றை அள்ளி அள்ளி அந்தக் காலிலேயே அப்பிக்கொண்டு நின்றது. அந்த வருடம் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அது துரத்தும். எவனோ ஒருவன் சுட்டதற்கு மற்றவர்கள் ஓடினோம். யானையைச் சுடுவது 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது வேறு.

லொறிக்கு நான் சொல்வது: தூரத்தில் கண்டவுடன் நிற்பாட்டுங்கள், லைட்டைத் தாழ்த்துங்கள், ஹோன் அடிக்க வேண்டாம், எஞ்சினை நிற்பாட்டவும் வேண்டாம். காதை விரித்துத் தலையை உயர்த்தினால் மெல்ல ரிவர்சில் போங்கள். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும், இறங்கி ஓடித் தப்ப முடியாது. சோளம், வாழைப்பழம் போட்டுப் பழக்குகிறவர்களைக் கண்டால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டுப் போங்கள்.

மாமா, நான் கனடாவின் வடக்கே யூக்கோனில் இருக்கிறேன். டெம்ஸ்டர் சாலையில் இனுவிக் வரை போகப்போகிறேன். கரடிக்கு எது நல்லது, 12 போரா, ரைபிளா?

மருமகன், அங்கே இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. அனுமதி அட்டை இருந்தால் பம்ப் (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும்) 12 போரில் ஒற்றைக்குண்டுத் தோட்டா (ஓர் அவுன்ஸ், 28 கிராம்), அல்லது 30-06 (0.30 அங்குலக் குண்டு) போல்ட் ரைபிளில் பாரமான குண்டு, 180 முதல் 220 கிரெய்ன் (12 முதல் 14 கிராம்) வரை. மானுக்கு உள்ள இலேசான குண்டு கரடியின் தோள் எலும்பில் பட்டுச் சிதறிப்போகும், ஆழமாக இறங்காது. எது கையில் பழகியதோ அதை எடுங்கள். புதுத் துவக்கை வாங்கி ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குக் கொண்டு போகிறவன் சும்மா பாரம் சுமக்கிறான். வண்டியில் தோட்டா ஏற்றாமல் வையுங்கள், இறங்கிப் போவதென்றால் கண்ணில் படாமல் பூட்டி வைக்க வேண்டும். மனிதருக்கு எதிரான பாதுகாப்பு என்று அங்கே வாய் திறக்க வேண்டாம், சட்டம் அதை ஏற்காது.

முதலில் இடுப்பில் கரடி ஸ்பிரே இருக்கட்டும். எட்டு மீற்றரில் வேலை செய்யும், துவக்கு மாதிரித் துல்லியமாகக் குறி பார்க்கத் தேவையில்லை. அப்புறம், டெம்ஸ்டர் ரோடு தொடங்கும் இடத்திலிருந்து ஈகிள் ப்ளெயின்ஸ் வரை 370 கிலோமீற்றருக்கு எரிபொருள் கிடையாது, கூர்க்கல் ரோடு. கரடியைக் காணாமலே திரும்பலாம், ரயர் வெடிக்காமல் திரும்புவது கஷ்டம். உபரி ரயர் இரண்டு கொண்டு போங்கள்.

அப்பா வைத்திருந்த பழைய தோட்டாக்கள் பெட்டியில் கிடக்கின்றன. பாவிக்கலாமா?

அனுமதிப்பத்திரம் அவர் பெயரில்தானே இருந்தது? அப்படியென்றால் தோட்டாவோடு துவக்கையும் பொலிசில் சொல்லி ஒப்படையுங்கள், வீட்டில் வைத்திருப்பதே வில்லங்கம். வாவிக் காற்றுக்குக் கடுதாசி உறை ஊதும், பித்தளை பச்சை பிடிக்கும். அப்படியான ஒன்று எனக்கு ஒருமுறை ‘டிக்’ என்றதோடு நின்றது. குழலை வயல் பக்கம் நீட்டியபடி அரை நிமிடம் அசையாமல் நின்றுதான் திறந்தேன், சில தோட்டா பிந்தி வெடிக்கும்.

இடியன் துவக்கு (உள்ளூரில் செய்யும், வாய்வழியே மருந்து இடிக்கும் துவக்கு) மலிவாகச் செய்து தருகிறார்களாம்?

குழல் வெடித்து விரல் போனவர்களை எனக்குத் தெரியும். சட்டவிரோதமும்கூட. வேண்டாம்.

காவல் இருக்கிறவர்களுக்கு யானை வெடி (யானையைக் கலைக்கும் பட்டாசு) எங்கே எடுப்பது?

வனசீவராசிகள் திணைக்களத்தில், அவசரத்துக்கு 1992ஐ அழையுங்கள். கொளுத்தினால் உடனே வீசுங்கள், கையில் வைத்து வீரம் காட்ட வேண்டாம்.

புணானையில் ஆட்கொல்லிப் புலி இருந்ததாமே, இப்போதும் பயமா?

சிறுத்தை அது. 1924இல் ஷெல்டன் அகர் என்ற வெள்ளைக்காரர் சுட்டார். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கோல் அடைத்து நிற்கிறது, டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.