வாங்கியவர் கேள்வி: குளூ கன்னும் குச்சியும்

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு மயிலிறகு, பாசிமணியெல்லாம் பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன்னால் ஒட்டினோம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கல்லுமலைக்குக் கொண்டுபோனதில் பாதி உதிர்ந்துவிட்டது. மட்டமான குளூவா?
- காவடி கட்டும் இளைஞர்

பதில்: காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் நிறுத்திப் பசியாறப் போனீர்களா தம்பி? சாதாரணக் குளூ குச்சி இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் வகை. 50, 60 டிகிரிச் சூட்டிலேயே பிடி தளர ஆரம்பிக்கும். மூடிய கார் வெயிலில் அந்தச் சூட்டை எட்டிவிடும். கனமானதைக் கம்பியால் கட்டுங்கள். குளூ அலங்காரத்துக்கு மட்டும்.

கேள்வி: மீதிக் குச்சிகளை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
- லயத்து வீட்டு அக்கா

பதில்: வேண்டாம் அக்கா. வெளியே எடுத்ததும் குச்சி வியர்க்கும். ஈரத்தோடு கன்னுக்குள் போனால் கொப்பளித்துத் தெறிக்கும். இறுக மூடும் டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். தகரக் கூரை ஸ்டோர் ஆகாது. பசார் மாலம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் ஒரு கட்டு வாங்கி அங்கேதான் வைத்தேன். குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தூசியும் எறும்பும் சேர்ந்து ஒரே உருண்டை. தூசி ஏறிய குச்சி கன்னின் மூக்கையும் அடைக்கும்.

கேள்வி: குச்சி கன்னுக்குள் நுழையவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.

பதில்: இல்லை. சின்ன கன்னுக்கு 7 மில்லிமீட்டர், பெரியதற்கு 11. பாக்கெட்டில் போட்டிருக்கும், படியுங்கள். கத்தியால் சீவி நுழைக்கலாமா என்று அடுத்த கடிதம் வேண்டாம்.

கேள்வி: புது கன் முதல் நாளே புகைந்து நின்றுவிட்டது. 60 வெள்ளி. கடையில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மகளின் கல்யாண அலங்காரத்துக்காக வாங்கியது.
- தோட்டத்து அம்மா

பதில்: உங்கள் மீது ஒரு தப்பும் இல்லை அம்மா. அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கி நானும் இதே வரியைப் படித்துவிட்டுத் திரும்பியவன். அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் நல்ல தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழுதுபார்க்க வேண்டும், மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ரசீதில் ஒரு வரி அச்சடித்து இந்த உரிமையைப் பறிக்க முடியாது. தோட்டத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அப்படி அச்சடிக்கிறார்கள். ரசீது, பெட்டி, புகைந்த கன் எதையும் வீசாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 60 வெள்ளிக்கா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: சூடான குளூ விரலில் விழுந்தது. உடனே பிய்த்தேன், தோலும் சேர்ந்து வந்தது. பற்பசை தடவினேன்.

பதில்: இரண்டுமே தப்பு. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. சூடு குறைந்த கன்னே 120, மற்றது 190 வரை போகும். அதோடு குளூ தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிய்க்காமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். தோல் உரிந்திருக்கிறது அல்லவா, இன்றே கிளினிக் போங்கள்.

கேள்வி: சூடான கன்னைப் படுக்க வைத்துவிட்டுப் பால் கலக்கப் போகலாமா?

பதில்: கூடாது. உருகிய குளூ பின்னால் ஓடி உள்ளே இறங்கும். கம்பிக்காலில் நிறுத்தி, அடியில் ஒரு தரை ஓட்டுத் துண்டு வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.