விதை இறங்காத குழந்தை: எதுவரை பொறுக்கலாம்?

என் மகனுக்கு நாலு மாதம் ஆகிறது. வலது பக்க விதை பைக்குள் இல்லை என்று பிறந்த அன்றே சொன்னார்கள். குழந்தைகள் டாக்டர் 'ஆறு மாதம் முடிந்ததும் வாருங்கள்' என்கிறார். குளிப்பாட்டும்போது விளக்கெண்ணெய் வைத்து மேலிருந்து கீழாக நீவினால் தானாக இறங்கும் என்கிறார் மாமியார். இப்படிச் சும்மா காத்திருப்பது சரியா?
வாசகி, மன்னார்குடி

காத்திருப்பது சரி, நீவுவது வேண்டாம்.

கருவில் விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். ஏழாம் மாதவாக்கில்தான் அது தொடை இடுக்கு வழியாகப் பைக்கு வந்து சேர்கிறது. அதனால் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் 100க்கு 30 பேர் வரை இந்தக் குறை தென்படும். நிறைமாதக் குழந்தைகளில் 100க்கு மூன்று பேர் அளவில் இருக்கும். பிறந்த பிறகு முதல் மூன்று மாதங்களில் ஆண் குழந்தையின் உடலில் ஆண் ஹார்மோன் ஒருமுறை பெருகித் தணிகிறது. பாதி வழியில் நின்ற விதைகளில் பல அந்தச் சமயத்தில்தான் இறங்குகின்றன. ஒரு வயதில் பார்த்தால் 100க்கு ஒருவர் அளவில்தான் மிச்சம். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது மிக அரிது. டாக்டர் வைத்த கெடு அந்தக் கணக்குதான். குழந்தை குறைமாதம் என்றால் பிறந்த தேதியை விட்டுவிட்டு, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணுங்கள்.

நீவி இறக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. விதையோடு கூட வயிற்றுச் சவ்வின் ஒரு பை இழுபட்டு வந்து, மூடாமல் நின்றிருக்கும். அது விதையின் தண்டோடு (ரத்தக்குழாயும் விந்துக்குழாயும் சேர்ந்த கொத்து) ஒட்டிக்கொண்டு அதை மேலேயே பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து அழுத்தினால் அந்த ஒட்டு விடாது, குழந்தைக்கு வலிக்கும், அவ்வளவுதான். எண்ணெய்க் குளியலுக்குத் தடை இல்லை, தொடை இடுக்கை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். சவ்வுப் பை திறந்திருப்பதால் அந்த வழியாகக் குடலும் இறங்கலாம். தொடை இடுக்கில் வீக்கம் வந்து, அது அமுங்காமல் கல்லாக இருந்தால் ஆபத்து. அதேபோல, இறங்காத விதை முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அந்தப் பக்கம் பை காலியாக இருந்து, இடுக்கு சிவந்து வீங்கி, குழந்தை சமாதானம் ஆகாமல் அழுது வாந்தியும் எடுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விதையைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் கிடைக்கும்.

இன்னொன்று, இது உங்கள் குழந்தைக்கு இல்லை. பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவே இல்லை என்றாலோ, விதை இறங்காததோடு சிறுநீர்த் துளையும் நுனியில் இல்லாமல் கீழே இருந்தாலோ ஆறு மாதக் கணக்கு செல்லாது. அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ள பெண் குழந்தை ஆண் போலத் தோன்றுவதும் உண்டு. அந்தக் கோளாறில் முதல் சில வாரங்களுக்குள் உப்புச்சத்து இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே ஹார்மோன் பரிசோதனையும் குரோமோசோம் பரிசோதனையும் பற்றிக் கேட்க வேண்டும்.

பையனுக்குப் பதினொரு மாதம். ஸ்கேன் எடுத்ததில் 'இடது விதை காணப்படவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். விதையே இல்லையா? இன்னொரு இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
வாசகர், ஓசூர்

ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்து விதை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வயிற்றுக்குள் குடலுக்கு நடுவே கிடக்கும் சிறிய விதையை அல்ட்ராசவுண்டு நிறைய தவறவிடும். 'இருக்கிறது' என்று வந்தாலும் அறுவை சிகிச்சை வேண்டும், 'இல்லை' என்று வந்தாலும் உள்ளே பார்த்தாக வேண்டும். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அடுத்த படி மாறப்போவதில்லை. இதனால்தான் இந்தக் குறைக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. எம்.ஆர்.ஐ.க்குக் குழந்தையைத் தனியாக மயக்க வேண்டும். அந்தச் செலவும் மயக்கமும் எதற்கு?

பழகிய கைதான் இங்கே கருவி. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் தொட்டுப் பார்த்தால் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு விதை இடுக்கில் தட்டுப்பட்டுவிடும். மயக்கம் கொடுத்த பிறகு, தசை தளர்ந்த நிலையில் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். அதுவரை தட்டுப்படாதது சில சமயம் அப்போது அகப்படும். அப்போதும் இல்லையென்றால் தொப்புள் வழியாக லேப்ராஸ்கோப் என்னும் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பார்கள். விதை உள்ளே இருந்து, ரத்தக்குழாய் நீளமும் போதுமானதாக இருந்தால் அப்போதே இறக்கிவிடுவார்கள். நீளம் போதாவிட்டால் இரண்டு கட்டம். முதலில் அந்தக் குழாயைக் கட்டிவிட்டு, விந்துக்குழாயோடு வரும் சிறு குழாய்கள் பெருகுவதற்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, பிறகு இறக்குவார்கள். கருவிலேயே முறுக்கி வற்றிப்போன விதையாக இருந்தால் ஒரு சிறு துணுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். மறுபக்க விதை நன்றாக இருந்தால் வளர்ச்சிக்கு அந்த ஒன்றே போதும்.

நாலு வயதுப் பையன். வெந்நீரில் குளிக்கும்போது இரண்டு விதையும் பையில் இருக்கின்றன. குளிரில் ஒன்று மேலே ஓடிவிடுகிறது. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள்.
வாசகி, ஊட்டி

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ஏறி இறங்கும் விதை, இறங்காத விதை அல்ல. விதையைத் தூக்கும் தசை இரண்டு முதல் ஏழு வயது வரை ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கும். டாக்டரின் சில்லென்ற கையே அதை மேலே அனுப்பிவிடும்! வெதுவெதுப்பான அறையில் சப்பணம் போட்டு உட்கார வைத்து, விதையை மெதுவாகக் கீழே கொண்டுவந்து கையை எடுத்ததும் அது பையிலேயே தங்கினால் அறுவை தேவையில்லை. எடுத்த உடனே விருட்டென்று மேலேறினால் விஷயம் வேறு. ஏறி இறங்கும் விதைகளிலும் சில, பையன் உயரம் கூடும்போது மேலேயே நின்றுவிடுகின்றன. எனவே பருவம் எய்தும் வரை ஆண்டுக்கொரு முறை காட்டுங்கள். இன்னொரு குழந்தைகள் அறுவை நிபுணரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து அறுப்பதா என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஊசி போட்டே இறக்கலாமாமே? மூன்று வயது வரை தள்ளினால் என்ன?
வாசகி, பரமத்தி வேலூர்

ஹார்மோன் ஊசியில் பலன் குறைவு, இறங்கியதும் பல சமயம் திரும்ப ஏறிவிடும். இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை.

தள்ளுவதில் இழப்பு உண்டு. உடலுக்குள் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ், பைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைவு. விந்தணுவின் மூல செல்கள் முதிர்வது முதல் வயதில். சூட்டில் கிடந்தால் அந்த முதிர்ச்சி தடைபடும், செல்களின் எண்ணிக்கையும் மாதத்துக்கு மாதம் குறையும். அதனால்தான் 6 முதல் 12 மாதம், மிஞ்சினால் 18 மாதம் என்கிறோம். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள், அந்தக் கேள்வி நியாயமானது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் குழந்தைகள் அறுவைத் துறை இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டி விசாரியுங்கள்.

அறுவை சுமார் ஒரு மணி நேரம். இடுக்கின் தோல் மடிப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, விதையின் தண்டைச் சவ்வுப் பையிலிருந்து பிரித்து, அந்தப் பையைக் கட்டிவிட்டு, விதையைக் கீழே கொண்டுவந்து விதைப்பையின் தோலுக்கடியில் சின்ன அறை செய்து உட்கார வைப்பார்கள். தையல் தானே கரையும். பெரும்பாலும் அன்று மாலையே வீடு.

அறுவைக்கு முந்தைய கணக்கு இது: திட உணவும் பால்பவுடர் பாலும் மயக்கம் கொடுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பு. 'அழுகிறானே' என்று பாட்டி ரகசியமாக ஊட்டிய ஒரு வாய் கஞ்சியால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். ஊட்டிவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். சளி, காய்ச்சல் இருந்தாலும் தள்ளத்தான் வேண்டும். தடுப்பூசி தேதியையும் சொல்லுங்கள். தட்டம்மை ஊசிக்கான காய்ச்சல் ஒரு வாரம் கழித்து வரும், தொற்று என்று குழம்பக்கூடும். வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்தும்போது உலோகம் தோலைச் சுடலாம்.

நாளை மறுநாள் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன கவனிக்க வேண்டும்?
வாசகி, தேனி

முதுகின் அடியில் போடும் மரப்பு ஊசியால் சில மணி நேரம் கால் துவண்டிருக்கும், பயப்படாதீர்கள். மரப்பு விடும் முன்பே முதல் வேளை பாராசிட்டமால் கொடுத்துவிடுங்கள். தவறு நடப்பது இங்கேதான். அளவு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், எட்டு கிலோ குழந்தைக்கு 120. கடையில் மூன்று விதமான பாட்டில் கிடைக்கும். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் 1.2 மில்லி. ஐந்து மில்லியில் 120 உள்ள சிரப்பானால் 5 மில்லி. ஐந்து மில்லியில் 250 உள்ளதானால் 2.4 மில்லி. சொட்டு மருந்தை சிரப்பின் அளவில் ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். டாக்டர் எழுதிய அளவோடு லேபிளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு இடுப்பில் தூக்காதீர்கள். காலை அகட்டி உட்காரும்போது பை உங்கள் இடுப்பெலும்பில் அழுந்தும். மூன்று சக்கர சைக்கிள், மர யானை, வாக்கர் எதுவும் வேண்டாம். தோளில் சாய்த்துத் தூக்கலாம், தூளியில் படுக்க வைக்கலாம். இரண்டு நாள் துடைத்துவிட்டால் போதும், பிறகு தண்ணீர் ஊற்றலாம். எண்ணெயும் பவுடரும் காயம் ஆறும் வரை கூடாது. டயப்பரை அடிக்கடி மாற்றுங்கள். பை வீங்கிக் கன்றிப்போய்த் தெரிவது ஒரு வாரம் வரை சகஜம். 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் இருந்தால் உடனே போங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டுவது அவசியம். சிலருக்கு விதை சுருங்கியோ, மறுபடி மேலேறியோ இருக்கலாம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. இப்போதுதான் கவனித்தோம். தாமதமாகிவிட்டதா? புற்றுநோய் வரும் என்கிறார்களே?
வாசகர், நாகர்கோவில்

தாமதம்தான், ஆனாலும் செய்யுங்கள், இந்த விடுமுறைக்குள்ளேயே. ஸ்வீடனில் இந்த அறுவை செய்துகொண்ட சுமார் 17,000 பேரை ஆராய்ந்து 2007ல் வெளிவந்த ஆய்வில், 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரு மடங்கு, அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்கு. அடிப்படையிலேயே அரிதான நோய் இது, இரு மடங்கு என்றாலும் அரிதுதான். ஒரு பக்கம் மட்டும் பாதித்தவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே தந்தையாகிறார்கள். இரண்டு பக்கமும் என்றால்தான் அந்த வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது.

பதினாலு வயதானதும் மாதம் ஒருமுறை குளிக்கும்போது தானே தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் கூச்சப்படாமல் உங்களிடம் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம், எந்தத் தேதியில், விதை எங்கே இருந்தது என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாளை அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிடுங்கள்.