பி1 சோதனையை கொழும்பிலேயே எழுதிவிட்டுப் போகவா?

கேள்வி: எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. கணவர் ஜேர்மனியில் டோட்முண்ட் நகரில் 14 வருடமாக இருக்கிறார், நிரந்தர வதிவிட உரிமை உண்டு. ஜேர்மன் மொழியின் முதல் படியான ஏ1 சோதனையில் 71 புள்ளி எடுத்து, தூதரகத்தில் விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன். டியூஷன் சேர், ‘வீசா வருவதற்குள் மூன்றாம் படியான பி1 முடித்துவிடுங்கள், அங்கே அரசாங்க வகுப்புக்குப் போகத் தேவையில்லை, பீ.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) எடுப்பதும் சுலபம்’ என்கிறார். கணவரின் ஆட்களோ, ‘நாங்கள் டொச் (ஜேர்மன் மொழி) படித்துவிட்டா வந்தோம்? வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சேர் சொல்வது சட்டப்படி பெரும்பாலும் சரி. கணவரின் ஆட்கள் சொல்வது எண்பதுகளுக்குச் சரி. கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, அங்கிருந்து மேற்குக்குப் போன அந்தக் காலத்தில் அகதியாக வந்தவரிடம் யாரும் மொழிச் சான்றிதழ் கேட்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. 2005 ஜனவரியில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அரசாங்கமே நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பு, அவர்கள் மொழியில் ‘இன்டெக்ராட்சியோன்ஸ்கூர்ஸ்’, தொடங்கியது. கணவன் அல்லது மனைவியிடம் போகிறவர்கள் ஊரிலேயே ஏ1 முடிக்க வேண்டும் என்ற விதி 2007இல் வந்தது.

நானாக இருந்தால் இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்கமாட்டேன். ஏ2 வரைக்கும் இங்கே படியுங்கள். பி1ஐ அங்கே போய், அந்த அரசாங்க வகுப்பிலேயே முடியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் நிலைமை. நீங்கள் போவது மனைவி என்ற வகையில். அப்படிப் போகிறவருக்கு, வதிவிட அனுமதி கொடுக்கும் நேரத்தில் பி1 அளவு மொழி இல்லையென்றால், அந்த வகுப்பு கட்டாயம். டோட்முண்டில் வெளிநாட்டவர் அலுவலகம் அதை எழுத்திலேயே தரும். கூடவே வகுப்பில் சேர்வதற்கான அத்தாட்சிக் கடிதமும் வரும். அதைக் கொண்டுபோய் நகரத்து மக்கள் கல்லூரியிலோ (‘ஃபோக்ஸ்ஹோஹ்ஷூலெ’ என்று எல்லா ஊரிலும் இருக்கும்) அனுமதி பெற்ற வேறு நிலையத்திலோ பதிய வேண்டும்.

கட்டாயம் என்றதும் பயப்படவேண்டாம். அது உங்களுடைய உரிமையும்கூட. வழமையான வகுப்பு 700 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். அதில் 600 மொழிக்கு. மிச்சம் 100 நாட்டின் சட்டம், சரித்திரம், வாழ்க்கை முறைக்கு. பெண்களுக்கும் பெற்றோருக்கும் மெதுவாகப் போகும் தனி வகுப்புகளும் இருந்தன, அவை 1000 பாடவேளை வரை நீண்டன; இப்போது இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். 2024 கணக்கில் ஒரு பாடவேளைக்கு உங்கள் பங்கு 2.29 யூரோ. முழுதாகப் படித்தால் 1600 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். அரசின் சமூக உதவி பெறுகிறவர்களும் குறைந்த வருமானக்காரரும் இந்தக் கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்கலாம்.

இப்போது ஏ2 விஷயம். வகுப்பில் சேரும்போது ஒரு தரம்பார்க்கும் சோதனை வைப்பார்கள். 600 பாடவேளையும் நூறு நூறாக ஆறு பகுதி. ஏ2 கைவசம் இருந்தால் முதல் பகுதியில் உட்காரத் தேவையில்லை, நடுவில் எங்கேயாவது சேர்ப்பார்கள். காசு மிச்சம், மாதங்களும் மிச்சம். கிறெகரீஸ் வீதி கோதே நிலையத்திலோ, நல்ல ஆசிரியர் ஒருவரிடமோ இப்போதே ஏ2 தொடங்குங்கள். வீசாவுக்குக் காத்திருக்கும் காலத்தில் ஏ1ஐ மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். தூதரகம் கூப்பிடும் நாளில் ‘உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார்?’ என்று டொச்சில் கேட்டால் முழிக்கக்கூடாது. 71 புள்ளி எடுத்த சான்றிதழ் கையில் இருக்க, வாய் திறக்கவில்லையென்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

அப்படியானால் பி1ஐயும் இங்கேயே முடித்தால் என்ன? முடிக்கலாம். கோதே பி1 சான்றிதழ் அங்கே செல்லும். கட்டாயம் நீங்கிவிடும். ஆனால் அதோடு அரசு உதவியுடனான மொழி வகுப்பில் சேரும் உரிமையும் போய்விடும், ஏனென்றால் ‘இவருக்குப் போதுமான டொச் தெரியும்’ என்று கணக்கு. நாட்டைப் பற்றிய அந்த 100 பாடவேளைக்கு மட்டும்தான் போக முடியும். கொழும்பில் மாதிரி வினாத்தாளைப் போட்டுப் போட்டு எடுத்த பி1 எப்படி இருக்கும் என்று இருபது வருடமாகப் படிப்பிக்கிற எனக்குத் தெரியும். பேச்சுப் பகுதியில் மனப்பாடம் செய்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒன்றும் வராது. அங்கே போனால் டோட்முண்ட்காரர் கதைக்கும் வேகத்தில் பாதி சொல் விழுங்கப்பட்டுவிடும். சான்றிதழில் பி1, காதில் ஏ1. உதவிக்கு அரசாங்க வகுப்பும் இல்லை.

அந்த வகுப்பில் கிடைக்கும் இன்னொன்றை எந்த டியூஷனும் தராது. சிரியாக்காரி, உக்ரேன்காரி, துருக்கிக்காரி என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்குப் பொதுவாக இருக்கிற ஒரே மொழி டொச், அதனால் வேறு வழியில்லாமல் கதைப்பீர்கள். ஜேர்மனியில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பதினைந்து வருடம் இருந்தும் டொக்டரிடம் போக பத்து வயது மகனைப் பாடசாலைக்கு லீவு போடவைத்துக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாமார் இருக்கிறார்கள். தன் வயிற்றுவலியைப் பிள்ளையின் வாயால் சொல்லவேண்டிய நிலைமை. கோயில், தமிழ்க் கடை, வீடு என்று வாழ்க்கை ஓடிவிடும், மொழி தேவைப்படாது என்று உங்கள் கணவரின் ஆட்கள் சொல்வது பொய்யில்லை. ஹாமிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் டோட்முண்டிலிருந்து கிட்டத்தான், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தமிழ் கேட்கலாம். பிரச்சினை மற்ற ஆறு நாளும்தான்.

சரி, பீ.ஆர். கணக்குக்கு வருவோம். கணவருக்கு ஜேர்மன் குடியுரிமை இல்லாதவரை, வழமையான விதிப்படி நீங்கள் 5 வருடம் வதிவிட அனுமதியோடு இருந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் போதுமானதாக இருக்க வேண்டும், பி1 வேண்டும், நாட்டைப் பற்றிய சோதனையும் வேண்டும். 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் கேட்பார்கள், ஆனால் கணவன் மனைவி சேர்ந்து வாழும்போது ஒருவர் கட்டியிருந்தாலே போதும். 14 வருடமாக வேலை செய்கிறவருக்கு அது இருக்கும். இடையில் அவர் ஜேர்மன் குடியுரிமை எடுத்துவிட்டால் உங்கள் 5 வருடம் 3 ஆகக் குறையும். பி1 அப்போதும் வேண்டும். ஆகவே பி1ஐ இங்கே எழுதினாலும் அங்கே எழுதினாலும் அந்த வருடக் கணக்கு ஒரு நாள்கூடக் குறையாது. சேர் சொல்ல மறந்தது இதைத்தான். ‘பீ.ஆர். சுலபம்’ என்ற பேச்சில் விற்பனையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

வகுப்பை இழுத்தடித்தால் என்ன நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெற்றிகரமாக முடிக்கும்வரை வதிவிட அனுமதியை ஒவ்வொரு தடவையும் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத்தான் நீடிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் நேரம் எடுத்து, காசு கட்டி, காத்திருக்க வேண்டும். முடித்தவருக்கு நீண்ட கால அட்டை கிடைக்கும்.

கடைசிச் சோதனை இரண்டு. மொழிக்கு ஒன்று, அது ஏ2, பி1 இரண்டையும் அளக்கும் ஒரே வினாத்தாள். நீங்கள் குறிவைக்க வேண்டியது பி1. மற்றது ‘லேபன் இன் டொய்ச்லான்ட்’, அதாவது ஜேர்மனியில் வாழ்வு. 33 கேள்வி, ஒரு மணி நேரம், நான்கு விடையில் ஒன்றைத் தெரிவது. 15 சரியாக இருந்தால் வகுப்புக்குப் போதும். 17 எடுத்தால் பிற்காலத்தில் குடியுரிமைக்கும் அதே தாள் உதவும், அதனால் 17க்குக் குறைவாக நினைக்கவே வேண்டாம். கேள்விகள் 310 கொண்ட ஒரு தொகுப்பிலிருந்துதான் வரும்: 300 பொது, 10 நீங்கள் இருக்கும் மாநிலம் பற்றியது. குடிவரவுக்கும் அகதிகளுக்குமான கூட்டாட்சி அலுவலகத்தின் இணையத்தளத்தில் எல்லாமே இருக்கிறது. மாநிலம் எத்தனை (16), அடிப்படைச் சட்டம் எப்போது (1949), கொடியின் நிறம் என்ன (கறுப்பு, சிவப்பு, பொன்) என்கிற மாதிரி. மாநிலத்தில் ‘நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன்’ என்று தெரிவுசெய்து, இரவு சாப்பிட்ட பிறகு நாளுக்குப் பத்துக் கேள்வி பாருங்கள். இதற்கு யாரிடமும் காசு கொடுத்துப் படிக்கவேண்டியதில்லை.

ஏ2 படிக்கும்போது இரண்டு விஷயத்தில் நேரம் செலவழியுங்கள். எண்கள்: 25ஐ அவர்கள் ‘ஐந்தும் இருபதும்’ என்பார்கள். தொலைபேசி எண்ணும் ரயில் மேடை எண்ணும் வரும் கேட்டல் பகுதியில் நம் ஆட்கள் விழுவது இங்கேதான். கணக்கு வேலை பார்க்கும் உங்களுக்கு இன்னும் முக்கியம். அப்புறம் ‘வைல்’ வாக்கியம், ‘ஏனென்றால்’ என்று வரும் வாக்கியம். ‘வைல் இஷ் ஹொய்ட ஆர்பைட்டன் முஸ்’: நான், இன்று, வேலை செய்ய, வேண்டும். வினை கடைசியில். ஆங்கிலம் தெரிந்தவர்கள் தடுமாறும் இந்த வரிசை நம் வீட்டு வரிசைதான். ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காமல் தமிழில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

கணக்குத் துறையிலேயே அங்கும் வேலை பார்க்க ஆசை என்றால் பி1 போதாது, பி2 கேட்பார்கள். பி1க்குப் பிறகு தொழிலுக்கான மொழி வகுப்பு தனியாக இருக்கிறது, அதையும் அதே கூட்டாட்சி அலுவலகம்தான் நடத்துவிக்கிறது. மனைவி வீசாவில் போகிறவருக்கு வேலை செய்ய முதல் நாளிலிருந்தே அனுமதி உண்டு. அதனால் ‘முதலில் கொஞ்ச நாள் ஏதாவது கிச்சன் வேலை’ என்று யாராவது இழுப்பார்கள். போகலாம், ஆனால் வகுப்பு நேரத்தோடு மோதாத ஷிஃப்ட் கேளுங்கள்.

ஒரு திகதி மட்டும் முக்கியம். வதிவிட அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து, வகுப்பில் சேரும் அந்த உரிமைக்கு ஒரு வருடம்தான் ஆயுள். குளிர்காலம் போகட்டும், வீடு மாறட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிவைக்காமல், அட்டை வந்த வாரமே பதிந்துவிடுங்கள். பிள்ளை வருவதாக இருந்தாலும் பதிந்துவிட்டு, பெற்றோருக்கான வகுப்போ குழந்தைப் பராமரிப்போ எந்த நிலையத்திலாவது இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.