பதினோராம் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். வயது 29. கம்ப்யூட்டரில் கார் ஓட்டிப் பந்தயம் விடும் சிம் ரேசிங் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன வருஷம் ஒரு ஸ்டீயரிங் வாங்கி ஐரேசிங் என்ற இணையவழிப் பந்தயத் தளத்தில் சேர்ந்தேன். ஆக, பாதிப் பழி உங்கள் மேல்.

ஆரம்பத்தில் நன்றாகப் போனது. அங்கே ஒவ்வொருவருக்கும் தரும் திறமைப் புள்ளி, அதாவது ரேட்டிங், 1350-ல் தொடங்கி ஆறு மாதத்தில் 2100 வரை வந்தது. அப்புறம் இறங்க ஆரம்பித்து நிற்கவே இல்லை, இப்போது 1480. இது போதாதென்று நண்பர்கள் நடத்தும் லீகில் கடைசிப் பந்தயம் போன மாதம், பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில், ஜிடி3 ரக ரேஸ் காரில். முதல் ஐந்துக்குள் வந்திருந்தால் தொடரில் மூன்றாம் இடம். மூன்று வாரம் தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் தனியாக ஓட்டிப் பழகினேன். பந்தயம் தொடங்கி முதல் வளைவிலேயே முன்னால் போனவன் திடீரென்று பிரேக் பிடித்தான், அவன்மேல் நான் மோதினேன், பின்னால் வந்த இரண்டு பேர் என்மேல் மோதினார்கள், முடிந்தது. அந்த வாரம் ஐரேசிங்கே நடத்தும் அஃபீஷியல் பந்தயத்தில் நான்காவதாகப் போய்க்கொண்டிருக்கும்போது நெட் போய்விட்டது. அதற்கு முந்தையதில் பதினோராம் இடம்.

தனியாக ஓட்டினால் ஜெயித்தவனைவிட ஒரு லேப்புக்கு 0.7 நொடிதான் பின்தங்குகிறேன். பின்னே ஏன் இப்படி? எனக்கு இது வராதா? மோட்டாரில் நேரடியாகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் வாங்கினால் சரியாகுமா, அல்லது விட்டுவிடலாமா? அதற்குப் பிறகு பந்தயத்தில் சேரவே கை வரவில்லை. அம்மா வேறு “பொம்மக் காருக்கு ஏண்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே” என்கிறார்.

எஸ்.

*

தம்பி எஸ்.,

பாதிப் பழியை ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பதினோராம் இடம். மோதலுக்கும் நெட் போனதற்கும் பக்கத்தில் அதையும் மூன்றாவது விபத்து மாதிரி வைத்து எழுதியிருக்கிறீர்கள். எத்தனை கார் ஓடிய பந்தயம், ரேட்டிங்படி பிரித்ததில் எந்தக் குழு (ஸ்பிளிட்), கூட ஓடியவர்கள் ரேட்டிங் என்ன, நீங்கள் எந்த இடத்தில் தொடங்கினீர்கள், ஒன்றுமே சொல்லவில்லை. இதையெல்லாம் எடுத்துவிட்டால் பதினொன்று என்பது வெறும் பஸ் நம்பர்.

ஐரேசிங்கில் ஒரு பந்தயத்துக்கு எழுபது பேர் பதிவு செய்தால் எழுபது பேரையும் ஒன்றாக ஓட விடுவதில்லை, ரேட்டிங்படி வரிசைப்படுத்தி இருபது இருபத்துநான்கு பேராக வெட்டிவிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் அதன் விளைவை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நன்றாக ஓட்டினால் ரேட்டிங் ஏறும், ஏறியதும் உங்களைவிட வேகமான ஆட்களோடு கொண்டுபோய் உட்கார வைப்பார்கள், அங்கே மறுபடி நடுவில் வருவீர்கள். எட்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனை அடுத்த வாரமே பத்தாம் வகுப்புப் பரீட்சையில் உட்கார வைக்கிற பள்ளிக்கூடம் இது. 24 கார் ஓடினால் சராசரி இடம் பன்னிரண்டரை. அமைப்பு ஒழுங்காக வேலை செய்தால் நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பத்துக்கும் பதினான்குக்கும் இடையில்தான் வருவீர்கள், எவ்வளவு முன்னேறினாலும். மேடை ஏறுகிற பந்தயங்கள் எப்போதாவது வரும், அதேபோல முதல் வளைவில் நசுங்குகிறதும் வரும்.

ரேட்டிங் கணக்கும் அப்படித்தான். கிட்டத்தட்ட சதுரங்க ரேட்டிங் மாதிரி, ஒருவர் இழப்பது இன்னொருவருக்குப் போகிறது. உங்களைவிடக் கூடுதல் ரேட்டிங் உள்ளவர்கள் நடுவில் பத்தாவதாக வந்தாலும் ஏறும், குறைந்தவர்கள் நடுவில் ஐந்தாவதாக வந்தாலும் இறங்கும். எனக்கென்னவோ உங்களுடைய உண்மையான அளவு ஒரு 1700 இருக்கலாம். 2100 நல்ல காற்று அடித்தபோது வந்தது, 1480 காற்று மாறியபோது வந்தது. நீங்கள் 2100-ஐ “நான்” என்றும் 1480-ஐ “எனக்கு நேர்ந்தது” என்றும் எடுத்துக்கொண்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம், நானும்.

சரி, ஸ்பா. இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன்.

“முன்னால் போனவன் திடீரென்று பிரேக் பிடித்தான்” என்கிறீர்கள். அங்கே முதல் வளைவான லா சோர்ஸ் ஒரு கொண்டை ஊசி வளைவு, தொடக்கக் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வந்துவிடும். அந்த இடத்தில் எல்லோரும் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும், அதில் என்ன திடீர்? ஜிடி3 பந்தயம் உருண்டபடியே தொடங்குவதால் அங்கே வரும்போது 150 கிலோமீட்டர் வேகம் என்றே வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 41 மீட்டருக்கு மேல். முன் காருக்கும் உங்களுக்கும் ஐந்து மீட்டர் இடைவெளி இருந்தால் அது 0.12 நொடி. சிவப்பு விளக்கைக் கண் பார்த்து கால் நகரவே சுமார் 0.2 நொடி ஆகும். ஆக அவன் பிரேக் பிடித்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் பிடிப்பது என்பது நடக்காத காரியம், யாராலும் முடியாது. அங்கே பிழைப்பவர்கள் பார்த்துப் பிடிப்பவர்கள் இல்லை. இடம் விட்டு வந்து, தான் வழக்கமாகப் பிடிக்கும் இடத்துக்கு முன்னாலேயே பிடிப்பவர்கள்.

ஏன் முன்னாலேயே? ஒன்று, இருபது கார் நெருக்கியடித்து வரும்போது முதல் கார் லேசாக வேகம் குறைத்தாலே பின்னால் போகப் போக அது பெருகும். அவினாசி ரோட்டில் சிக்னல் விழுந்ததும் கடைசி வண்டிதான் கிறீச்சிடும், கவனித்திருப்பீர்கள். இரண்டு, முன் காரின் மறைவில் வரும்போது காற்றுத் தடை குறைவு, அதனால் வழக்கத்தைவிட வேகமாக வந்து சேர்வீர்கள், காரைத் தரையில் அழுத்துகிற காற்றும் குறைவு, அதனால் வழக்கத்தைவிடத் தாமதமாக நிற்கும். மூன்றாவது டயர், முதல் லேப்பில் சூடு ஏறியிருக்காது. நான்காவது ஒன்று கேட்கிறேன், பயிற்சியில் எவ்வளவு பெட்ரோல் வைத்து ஓட்டினீர்கள்? பந்தயத்துக்கு நிரப்பிய அதே அளவா? மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், காலியான ட்ராக்கில், சூடான டயரில், லேசான காரில் அந்த வளைவுக்கு எங்கே பிரேக் பிடிப்பது என்று காலுக்கு மனப்பாடம் செய்து வைத்தீர்கள். பந்தயத்தன்று கால் தன் மனப்பாடத்தை ஒழுங்காக ஒப்பித்தது. அவ்வளவுதான் நடந்தது. உங்கள் பயிற்சி வீண் போகவில்லை, வேறு பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

என் கதை ஒன்று. 2020 ஊரடங்கில் நான் இதில் விழுந்த புதிது. ஜப்பானின் ஒகயாமா ட்ராக்கில் மாஸ்தா காரில் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னால் வந்த ஒருவர் வந்து குத்தித் தூக்கி மணலில் போட்டுவிட்டார். ஐரேசிங்கில் மோதலுக்கு இருவருக்கும் சேர்த்தே தண்டப் புள்ளி போடுவார்கள், யார் தப்பு என்று பார்ப்பதில்லை, பலமாகப் பட்டால் நான்கு. எனக்கும் நான்கு விழுந்தது. ரத்தம் கொதித்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு முழுப்பக்கப் புகார் எழுதினேன், பிற்காலத்தில் நான் எழுதிய சில கட்டுரைகளைவிட நல்ல நடை. புகாரோடு ரீப்ளேயையும் வெட்டி இணைக்க வேண்டும். அதற்காகக் கேமராவை அந்த ஆளுடைய காருக்குள் வைத்துப் பார்த்தேன். அவர் இடதுபக்கம் வருகிறார், முன்னால் ஒரு சிவப்புக் கார் இடதுபக்கம் நகர்ந்து மறிக்கிறது, சரி என்று அவர் வலதுபக்கம் போகிறார், பிரேக் பிடிக்கிற நேரத்தில் சிவப்புக் கார் மறுபடி வலதுபக்கம் வருகிறது. பாவம் மனுஷன் எங்கே போவார்? சிவப்புக் கார் நான். என் காருக்குள் இருந்து பார்த்தபோது அந்த இரண்டு நகர்வும் எனக்குத் தெரியவே இல்லை, கண்ணாடியில் அவரைத் தேடி லேசாகத் திரும்பினதாகத்தான் ஞாபகம். புகாரை அழித்தேன். அவருக்கு மன்னிப்பு அனுப்பலாம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, அனுப்பவில்லை. அதை இன்றுவரை செய்யவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம். பந்தயம் முடிந்ததும் ரிசல்ட் பக்கத்துக்குப் போவதற்கு முன்னால் ரீப்ளே. என் காரில் இருந்து இல்லை, எனக்கு முன்னால் போனவர் காரில் இருந்தும் பின்னால் வந்தவர் காரில் இருந்தும். பின்னால் வருபவர் காரில் இருந்து பார்த்தால் நாம் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பது அசிங்கமாகத் தெரியும். நீங்களும் ஸ்பாவை உங்கள் முன்னால் போனவரின் காரில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், அவருக்கும் முன்னால் ஒரு கார் நின்றிருக்கும்.

அந்த 0.7 நொடி பற்றி. லேப்புக்கு 0.7 என்றால் பதினைந்து லேப்பில் பத்தரை நொடி. ஒருமுறை கார் சுற்றித் திரும்பி நின்றால் அதைவிடக் கூடுதலாகப் போய்விடும். ஜெயித்தவருடைய எல்லா லேப் நேரங்களையும் எடுத்து உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிக வேகமான லேப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது, மிக மெதுவான லேப்பில் இருக்கும். நீங்கள் உங்களுடைய நல்ல லேப்பை வைத்துப் பந்தயத்தைக் கணக்குப் போடுகிறீர்கள், பந்தயமோ உங்களுடைய மோசமான லேப்பை வைத்து நடக்கிறது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். ஃபார்முலா ஒன் ஓட்டுநராக இருந்த நரேன் கார்த்திகேயன், 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர் அந்த ட்ராக்கின் கடைசி வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் பந்தயத்துக்கு முந்தைய ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் கார்களை நிறுத்துகிற பிட்டுக்குள் போய்விட்டன, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் அந்த ஐந்து மட்டும்தான். சிலர் இதை “இந்தியர் நான்காம் இடம்” என்று பெருமையாகச் சொல்வார்கள், சிலர் “ஆறு பேரில் நான்காவதாம்” என்று சிரிப்பார்கள். இரண்டு பேருமே பந்தயத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கிறார்கள். ஆறில் ஃபெராரி இரண்டும் மற்ற நான்கைவிட வெகு வேகம், அவற்றோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. அதே ஜோர்டான் காரை ஓட்டிய டியாகோ மான்டெய்ரோ அவருக்கு முன்னால் மூன்றாவது, இரண்டு மினார்டிகளும் பின்னால். அப்படி வைத்துப் பார்த்தால்தான் அன்றைக்கு அவர் எப்படி ஓட்டினார் என்று பேசவே ஆரம்பிக்க முடியும். இன்னொன்று, 73 லேப் பந்தயத்தில் அந்த ஆறு காரும் கடைசிவரை ஓடின.

நெட் போனதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. வைஃபையில் ஓட்டுகிறீர்கள் என்றால் கேபிள் இழுங்கள், அதற்குமேல் நடப்பது நம் கையில் இல்லை. 2023 ஜனவரியில் இணையவழி லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கே இணைப்பு அறுந்தது, பிறகு காரையே நிறுத்திவிட்டு அமைப்பாளர்களைப் பொதுவில் வறுத்தெடுத்தார். அப்போதைய ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனே அவ்வளவு கத்தியிருக்கிறார், நீங்கள் கொஞ்சம் கத்தலாம்.

ஆனால் ரிசல்ட் கெட்டுவிடும் என்று பந்தயத்தில் சேராமலே இருப்பது வேறு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டேனியல் ஆப்ட் கதை இருக்கிறது. ஆடி (Audi) கார் கம்பெனி அணிக்காக, மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ தொடரில் நிஜமாகவே ஓட்டிய ஓட்டுநர். 2020-ல் ஊரடங்கு நேரத்தில் வீட்டிலிருந்தே ஓட்டும் தொடர் நடத்தினார்கள், அதில் அவர் சொல்லும்படி ஒன்றும் செய்யவில்லை. மே மாதப் பந்தயத்தில் திடீரென்று மூன்றாவதாக வந்தார். பார்த்தால் ஓட்டியது அவரே இல்லை, ஒரு தொழில்முறை சிம் ஓட்டுநரை உட்கார வைத்திருக்கிறார். பத்தாயிரம் யூரோ அபராதம், ஆடி அணி வேலையும் போய்விட்டது. நிஜக் கார் ஓட்டுகிற வேலை! வேடிக்கைக்குச் செய்தேன் என்றார், இருக்கலாம். நீங்கள் ஆள் வைத்து ஓட்டவில்லைதான். 1480 இன்னும் இறங்கிவிடுமோ என்று காலி ட்ராக்கில் சுற்றுகிறீர்கள், எனக்கு இரண்டும் தூரத்துச் சொந்தமாகத் தெரிகிறது.

டைரக்ட் டிரைவ் வேண்டாம். நல்ல பொருள்தான், கார் என்ன செய்கிறது என்பது கையில் இன்னும் துல்லியமாகத் தெரியும், ஆனால் உங்கள் பிரச்சினை கையில் இல்லை, காலில். காசு செலவழித்தே தீருவேன் என்றால் லோடு செல் பிரேக் பெடல் பாருங்கள். சாதாரணப் பெடல் எவ்வளவு தூரம் மிதித்தீர்கள் என்று அளக்கும், இது எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்று அளக்கும், கால் தூரத்தைவிட பலத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம், நீங்கள் உட்காருவது சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியா? பலமாக மிதிக்கும்போது பின்னால் உருளுமே. கோவையில் இருந்துகொண்டு, அதுவும் பம்பு டிசைன் செய்துகொண்டு, ஸ்டீயரிங்கும் பெடலும் மாட்டுகிற ஸ்டாண்டைக் கடையில் வாங்காதீர்கள். வரைந்து கொடுத்தால் ஏதாவது வெல்டிங் பட்டறையில் ஒரு சாயங்காலத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வாரம் ஏதாவது ஒரு பந்தயத்தில் சேருங்கள். தொடக்க வரிசையை முடிவு செய்கிற குவாலிஃபையிங் ஓட்டாமல் கடைசியில் இருந்து தொடங்குங்கள், முதல் வளைவில் முன்னால் எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பாருங்கள், நல்ல கூத்தாக இருக்கும். ரீப்ளேயை அழிக்காமல் அனுப்புங்கள், ஸ்பாவுடையதையும் சேர்த்து. அந்த முன்னால் போனவர் காரில் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில்தான் ஸ்டீயரிங்கைக் கிளாம்ப் போட்டு முறுக்கியிருக்கிறீர்கள் என்றால் அடியில் ஒரு பழைய துண்டு மடித்து வையுங்கள், மேசையில் தடம் விழுந்தால் அவர் கேட்கப்போவது உங்கள் முகத்தைப் பற்றி இருக்காது.