முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, வெனிஸ் ஹோட்டல் ஏன் மறுபடி கார்டு கேட்கிறது?

கேள்வி: வரும் ஜூனில் கணவர், நான், 12 வயது மகள் மூவரும் வெனிஸில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மூன்று இரவு தங்குகிறோம். ஏஜென்ட்டிடம் முழுப் பணமும் கட்டிவிட்டோம். வவுச்சரில் ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று இருக்கிறது. இப்போது ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல்: நகர வரி தனியாம், செக்-இன் அன்று இரவுக்கு 200 யூரோ வீதம் கார்டில் பிடித்து வைப்பார்களாம். என்னிடம் ஃபாரெக்ஸ் கார்டுதான் இருக்கிறது. இது மோசடியா? நான்காம் இரவு படுவாவில் தங்கிவிட்டு, மறுநாள் வெனிஸைப் பார்க்கத் திரும்பி வருகிறோம். ஊருக்குள் நுழையவும் கட்டணம் என்கிறார்களே?

பதில்: மோசடி இல்லை. ஹோட்டல் கேட்பது இரண்டும் வழக்கமானவைதான். உங்கள் வவுச்சரில் உள்ள வாசகம்தான் தவறு. நகர வரி வெனிஸ் நகராட்சிக்குப் போகிறது. தலைக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டு, தொடர்ச்சியாகத் தங்கும் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும் ஹோட்டல் வசூலிக்கும். நட்சத்திரத்தையும் பருவத்தையும் பொறுத்துத் தொகை மாறும். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சில யூரோக்கள்தான். 12 வயது மகளுக்குப் பாதி வரி. அவள் வயதைக் கணக்கில் எடுத்தார்களா என்று ரசீதில் பாருங்கள். இந்த வரியை ஏஜென்ட் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியிருந்தால், ஹோட்டல் ரசீதைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் வாங்கியிருக்க மாட்டார். ‘எல்லாம் உட்பட’ என்று அச்சடித்தால் வாடிக்கையாளர் மேலே கேள்வி கேட்க மாட்டார் என்பதற்காகவே அப்படிப் போடுகிறார்கள்.

கார்டில் பிடித்து வைப்பது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பது அல்ல. மினிபார், உணவகம், அறைச் சேதம் ஆகியவற்றுக்கான பிணை அது. மூன்று இரவுக்கு 600 யூரோ பூட்டப்படும். கிரெடிட் கார்டு என்றால் உங்கள் கடன் வரம்பில் 600 குறையும், அவ்வளவுதான். ஃபாரெக்ஸ் கார்டு என்றால் நீங்கள் ஏற்றி வைத்த சொந்தப் பணமே முடங்கும். 1,500 யூரோ ஏற்றியிருந்தால் செலவுக்கு 900தான் மிஞ்சும். ஹோட்டல் விடுவித்த பிறகும் வங்கி வழியாகத் திரும்பிவர நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள்கூட. பிணைக்கு இப்படி முன்கூட்டியே பணம் ஏற்றும் ப்ரீபெய்டு கார்டை ஏற்காத ஹோட்டல்களும் உண்டு. ஆகவே கணவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டைக் கொண்டுபோங்கள். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, வரம்பை உயர்த்தி, பின் எண் நினைவிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாரெக்ஸ் கார்டு சாப்பாட்டுக்கும் படகுக்கும் போதும்.

கிளம்பும் நாளில் பில்லை வேறு கார்டிலோ ரொக்கமாகவோ கட்டினால், பழைய பிணை உடனே நீங்காமல் கிடக்கலாம். ‘பிணையை ரத்து செய்யுங்கள்’ என்று வரவேற்பில் சொல்லி, ஒப்புதல் எண் உள்ள சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தாமதமானால் வங்கியிடம் காட்ட அந்த எண்தான் ஆதாரம். கார்டு இயந்திரத்தில் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் எப்போதும் யூரோதான். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பக்கம் நிர்ணயிக்கும். நஷ்டம் உங்களுக்கு.

உண்மையான மோசடி வேறு வடிவில் வரும். ‘முன்பதிவு 24 மணி நேரத்தில் ரத்தாகும், இந்த இணைப்பில் கார்டைச் சரிபார்க்கவும்’ என்று வாட்ஸப்பிலோ, முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயோ வரும். ஹோட்டலின் கணக்கைத் திருடியவர்கள் அனுப்புவதால் உங்கள் பெயரும் தேதியும் அதில் சரியாக இருக்கும். அதை வைத்து நம்பிவிடாதீர்கள். ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். உங்களுக்கு வந்த மின்னஞ்சல் செக்-இன் அன்று நேரில் பிடிப்பதாகச் சொல்கிறது. அது சரியான முறை.

‘முரானோ கண்ணாடி ஆலைக்கு இலவசப் படகு’ என்று ஹோட்டல் மேசையிலிருந்தே அழைப்பு வந்தாலும் மறுத்துவிடுங்கள். அனுப்பி வைப்பவருக்கான கமிஷன் நீங்கள் வாங்கும் கண்ணாடியின் விலையில் ஏறியிருக்கும். வெனிஸின் ஃபொண்டாமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து முரானோ தீவுக்கு 4.1 எண் பொதுப் படகு போகிறது. 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ.

இனி நுழைவுக் கட்டணம். 2024இல் தொடங்கியது. ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட சில நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை மட்டும். நீங்கள் போகும் ஆண்டின் நாள் பட்டியலை நகராட்சித் தளத்தில் பாருங்கள். வெனிஸ் நகராட்சிக்குள் இரவு தங்குபவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நீங்களே தளத்தில் பதிவு செய்து கியூஆர் குறியீடு வாங்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் இத்தாலியக் காவல்துறைக்கு அனுப்புகிறது. யார் எங்கே தங்குகிறார்கள் என்பது அரசுக்குத் தெரியும். அப்படியும் விருந்தினரை இன்னொரு படிவம் நிரப்ப வைப்பது வீண் வேலை. அந்த வேலையைச் செய்துதருகிறோம் என்று காசு வாங்குபவர்கள் முளைப்பதற்கும் இதுவே காரணம். பதிவு முற்றிலும் இலவசம், ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கவனம் தேவைப்படுவது படுவா நாளுக்குத்தான். படுவா தனி நகராட்சி. அங்கே தங்கினால் வெனிஸ் விலக்கு இல்லை. முந்தின நாள்வரை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கி வரி கட்டினீர்கள் என்பது செல்லாது, பழைய கியூஆரும் செல்லாது. ஹோட்டல் பெயரில் ‘வெனிஸ்’ இருப்பதும் உதவாது. மொல்யானோ வெனெத்தோவிலும் குவார்த்தோ தால்தினோவிலும் உள்ள ஹோட்டல்களைக்கூட ‘வெனிஸ்’ என்று விற்கிறார்கள். இரண்டு ஊரும் நகராட்சிக்கு வெளியே இருப்பவை. மெஸ்த்ரேயும் லிடோவும் உள்ளே இருப்பவை. பெயரை விட்டுவிட்டு முகவரியில் எந்த நகராட்சி என்று பாருங்கள். மகளுக்கு 14 நிரம்பாததால் நுழைவுக் கட்டணம் கிடையாது. வயதைக் காட்ட அவள் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். நீங்கள் இருவரும் நான்கு நாட்களுக்கு முன்பே கட்டினால் ஆளுக்கு 5 யூரோ, அதற்குப் பிறகு என்றால் 10. கட்டாமல் பிடிபட்டால் அபராதம் 50 யூரோவிலிருந்து 300 வரை.